முந்திக்கொண்டு மூடும் மண்டையோடு

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பில் வார்த்த கிண்ணம் போல இருப்பதில்லை. நெற்றிக்கு இரண்டு, உச்சியின் இரு பக்கங்களுக்கும் ஒவ்வொன்று, பிடரிக்கு ஒன்று எனத் தனித்தனித் தகடுகள் நார்த்திசுவால் இணைந்து நிற்கின்றன. இந்த இணைப்புக் கோடுகளை மருத்துவத்தில் ‘தையல்’ என்கிறார்கள். துணியில் ஓடும் தையல் போல வளைந்து நெளிந்து போவதால் வந்த பெயர் அது. காயத்துக்குப் போடும் தையல் வேறு. நெற்றித் தகடுகளும் உச்சித் தகடுகளும் கூடும் இடத்தில் இருக்கும் மெத்தென்ற பள்ளம்தான் உச்சிக்குழி. குளிப்பாட்டும்போது பாட்டிமார் விரல் படாமல் பார்த்துக்கொள்ளும் இடம். குழந்தை வீறிட்டு அழுதால் மேலெழும், அயர்ந்து தூங்கும்போது மெல்லத் துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறிக்கொள்ளத் தையல்கள் இடம் தருகின்றன. அது சில மணி நேர வேலை. அதன் பிறகு அவற்றுக்கு இருக்கும் வேலைதான் பெரியது. பிறக்கும்போது ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு முதல் பிறந்தநாளுக்குள் 46, 47 செ.மீ. ஆகிவிடுகிறது. கூடுகிற 11, 12 செ.மீ.யில் பாதி முதல் மூன்று மாதங்களிலேயே வந்துவிடும். அந்த ஓராண்டில் மூளையின் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எலும்பு முன்கூட்டியே வளர்ந்து மூளைக்கு இடம் ஒதுக்கி வைப்பதில்லை. வளரும் மூளை உள்ளிருந்து தள்ளுகிறது, அந்தத் தள்ளலுக்கு ஏற்பத் தையல்களின் ஓரத்தில் புது எலும்பு படிகிறது. தலைக்கு வடிவம் கொடுப்பது மூளைதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தச் சிகிச்சையின் பாதி புரிந்துவிடும்.

நெற்றி நடுவே ஓடும் மெட்டோபிக் தையல் மட்டும் 3 முதல் 9 மாதத்துக்குள் இயல்பாகவே மூடிக்கொள்கிறது. மற்றவை வாலிப வயதைத் தாண்டியும் முழுதாக இறுகுவதில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று, சில குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை, காலத்துக்கு முன்பே, பெரும்பாலும் கருப்பையிலேயே எலும்பாகி ஒட்டிவிடுவதுதான் கிரானியோசினோஸ்டோசிஸ். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது.

ஒரு தையல் ஒட்டிவிட்டால் தலை எப்படி மாறும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1851-இல் விதியாகவே வகுத்தார். ஒட்டிய தையலுக்குக் குறுக்காக வளர்ச்சி நின்றுபோகும், அந்தத் தையல் ஓடும் திசையில் தலை நீளும். உச்சியில் முன்பின்னாக ஓடும் சேஜிட்டல் தையல் ஒட்டினால் தலை அகலத்தில் வளர முடியாமல் நெற்றிக்கும் பிடரிக்குமாக நீண்டு, கவிழ்த்த படகு போல ஆகிறது. பாதிக்கப்படும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வகைதான், ஆண் குழந்தைகளே அதிகம். மெட்டோபிக் தையல் கருவிலேயே மூடிவிட்டால் நெற்றி நடுவில் வரப்பு போல எலும்பு மேடு எழும். மேலிருந்து பார்த்தால் தலை முக்கோணமாகத் தெரியும், கண்கள் நெருங்கியிருக்கும். காதிலிருந்து உச்சிக்கு ஏறும் கொரோனல் தையல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, புருவம் மேலேறி, மூக்கின் வேர் அந்தப் பக்கமே இழுபடும். எக்ஸ்ரேயில் அந்தக் கண்குழி கோமாளி முகமூடியின் கண் போல வெளிப்பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். இரு பக்கமும் ஒட்டினால் தலை முன்பின்னாகக் குறுகி உயரமாகும். பிடரியில் உள்ள லாம்டாய்டு தையல் ஒட்டுவது மிக அரிது.

அரிது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிடரி ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது என்று தூக்கி வரப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தையல் எதுவும் ஒட்டியிருப்பதில்லை. ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையாகியிருக்கும், அவ்வளவுதான். தூக்கத்தில் நிகழும் திடீர் சிசு மரணத்தைத் தவிர்க்க, குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1992-இல் அறிவுறுத்தியது. மரணங்கள் பெருமளவு குறைந்தன, தட்டைப் பிடரிகள் கூடின. லாபம்தான். இரண்டையும் பிரித்தறிய மேலிருந்து பார்த்தால் போதும். படுக்கையால் வந்த தட்டையில் அந்தப் பக்கக் காதும் நெற்றியும் சேர்ந்தே முன்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். லாம்டாய்டு ஒட்டியிருந்தால் தையலின் மேல் மேடு தட்டுப்படும், காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். முதலாவதற்குக் கத்தி வேண்டாம். விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது, தலையை மாற்றி மாற்றி வைப்பது, கழுத்துத் தசை இறுகியிருந்தால் பிசியோதெரபி ஆகியவையே போதும்.

எண்ணெய் தேய்த்து தலையை உருட்டிப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது. பிரசவத்தில் நசுங்கிய தலையும் படுக்கையில் தட்டையான தலையும் நாளடைவில் தாமாகவே திருந்துவதால், பேர் உருட்டிய கைக்குப் போய்விடுகிறது. எலும்பாகி ஒட்டிய தையலோ எந்தக் கைக்கும் இளகாது. உருட்டிப் பார்க்கலாம் என்று கழியும் இரண்டு மூன்று மாதங்கள்தான் உண்மையான நஷ்டம். ஏன் என்பது அறுவை முறைகளைப் பார்க்கும்போது தெரியும்.

கண்டறிவது பெரும்பாலும் கண்ணாலும் விரலாலும்தான். தலையின் வடிவம், தையலை ஒட்டித் தடவினால் தெரியும் எலும்பு மேடு, மாதாமாதம் குறித்த சுற்றளவு ஆகியவை அனுபவமுள்ள மருத்துவருக்குப் போதும். உச்சிக்குழி திறந்திருப்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேஜிட்டல் ஒட்டிய பல குழந்தைகளுக்கு அது திறந்தேதான் இருக்கும். முப்பரிமாண சி.டி. ஸ்கேன் நோயை உறுதிசெய்கிறது, அறுவைக்கு வரைபடமாகவும் உதவுகிறது. கைக்குழந்தைக்குக் கதிர்வீச்சு என்பதால் சந்தேகத்துக்கெல்லாம் எடுப்பதில்லை.

தையல் ஏன் ஒட்டுகிறது என்றால், ஒரு தையல் மட்டும் ஒட்டிய குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் அகப்படுவதில்லை. கர்ப்பத்தில் தாய் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் என்று வீட்டில் பழி போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பல தையல்கள் ஒட்டி, முகமும் கைகால்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் மரபணு மாற்றம் இருக்கும். கைவிரல்கள் ஒட்டிப் பிறக்கும் அபெர்ட், கண்கள் துருத்தி நிற்கும் க்ரூசோன், கட்டைவிரல் அகன்றிருக்கும் ஃபைஃபர் ஆகிய மூன்று நோய்க்குறித் தொகுப்புகளிலும் பெரும்பாலும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணுதான் மாறியிருக்கிறது.

அறுவை எதற்காக என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. இடம் போதாமல் மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமடையும். பாரிஸில் டொமினிக் ரெனியேவின் குழு 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தையல் ஒட்டியவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு அழுத்தம் கூடியிருந்தது. பல தையல்கள் ஒட்டியவர்களிடம் அது பாதிக்கு நெருக்கமாகப் போனது. ஆகவே பல தையல் ஒட்டிய குழந்தைக்கு அறுவை பார்வையையும் மூளையையும் காக்க என்பதில் சந்தேகமில்லை. ஒரு தையல் மட்டும் ஒட்டிய குழந்தைக்கு முதன்மையான பலன் தலையின் வடிவம், அதோடு அழுத்தம் கூடும் அபாயம் குறைதல். அறிவு வளர்ச்சிக்கு எவ்வளவு உதவுகிறது என்பதில் நிபுணர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. ‘ஆபரேஷன் செய்யாவிட்டால் மூளை வளராது’ என்று ஒற்றை வரியில் பெற்றோரை மிரட்டுவது சரியல்ல. வடிவம்தானே என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. அந்தத் தலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போகப்போவது குழந்தை.

இந்த அறுவையின் தொடக்கம் சோகமானது. சான் ஃபிரான்சிஸ்கோவில் லேன் என்ற அறுவை மருத்துவர் 1888-இல் ஒரு குழந்தையின் மண்டையோட்டில் பட்டையாக எலும்பை வெட்டியெடுத்தார். பூட்டிக் கிடக்கும் குழந்தையின் மூளையைத் திறந்துவிட முடியாதா என்று அதன் தாய் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். குழந்தை 14 மணி நேரத்தில் இறந்தது. 1890-இல் பாரிஸில் லானலோங்கும் இதே போன்ற அறுவையைச் செய்தார். பிறகு அது பரவலானது. தையல் ஒட்டியவர்களுக்கு மட்டும் செய்யவில்லை என்பதுதான் வினை. மூளையே வளராததால் தலை சிறுத்த குழந்தைகளுக்கும் செய்தார்கள். அங்கே மூளை தள்ளாததால்தான் தையல் மூடுகிறது. எலும்பை வெட்டி என்ன பயன்? 1894-இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் ஜகோபி, அறுவை செய்யப்பட்ட 33 குழந்தைகளில் 15 பேர் இறந்ததை எடுத்துக்காட்டிக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் பல ஆண்டுகள் யாரும் இதைத் தொடத் துணியவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில், சரியான குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பட்டை வெட்டும் முறை திரும்ப வந்தது. வெட்டிய இடைவெளி சில மாதங்களில் மறுபடி எலும்பாகி மூடிக்கொண்டதுதான் அப்போதைய தலைவலி. எலும்பின் ஓரங்களில் பாலித்தீன் தாள் மடித்துவைத்துக்கூடப் பார்த்தார்கள். பெரிய திருப்பம் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் டெஸ்ஸியேவால் வந்தது. 1967-இல் ரோமில் நடந்த மாநாட்டில், மண்டையோட்டுக்கு உள்ளிருந்து சென்று கண்குழிகளையே வெட்டி நகர்த்த முடியும் என்று அவர் காட்டினார். நரம்பியல் அறுவை மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் ஒரே மேஜையில் நிற்பது அதற்குப் பின் வழக்கமானது. பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் டேனியல் மார்ஷாக்கும் ரெனியேவும் அதைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். நெற்றியைக் கீழே மட்டும் பொருத்தி, மேலே பிடிப்பில்லாமல் விடுவது அவர்கள் முறை. பின்னாலிருந்து வளரும் மூளை அதை முன்னுக்குத் தள்ளிக்கொள்ளும்.

இன்று குழந்தைக்கு எந்த அறுவை என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் வயது. 3, 4 மாதத்துக்குள் வந்துவிட்டால் எண்டோஸ்கோப் முறைக்கு வழி இருக்கிறது. டேவிட் ஹிமெனஸும் கான்ஸ்டன்ஸ் பரோனும் அமெரிக்காவில் 1990-களில் உருவாக்கியது. சேஜிட்டல் ஒட்டியிருந்தால் உச்சியில் இரண்டு சிறு கீறல்கள். அவற்றின் வழியே கேமராவைச் செலுத்தி, ஒட்டிய தையலை மட்டும் பட்டையாக வெட்டியெடுக்கிறார்கள். அந்த வயதில் எலும்பு மெல்லியது, கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும். ஒரு மணி நேரம் போல ஆகும். ரத்த இழப்பு குறைவு, ஓரிரு நாளில் வீடு. ஆனால் சிகிச்சையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். குழந்தையின் தலைக்கு அளவெடுத்துச் செய்த ஹெல்மெட்டை நாளுக்கு 23 மணி நேரம், பல மாதங்களுக்கு அணிவிக்க வேண்டும். அது தலையை நசுக்குவதில்லை. நீண்டுவிட்ட நெற்றியிலும் பிடரியிலும் தொட்டு நிற்கும், பக்கங்களில் இடைவெளி விட்டிருக்கும். இடம் இருக்கும் திசையில் மூளை வளர்ந்துகொள்ளும். தலை வளர வளர ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்வையும் வேர்க்குருவும் சின்னத் தொல்லை இல்லை. குளிப்பாட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் தலையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டியிருக்கும். ஹெல்மெட் செய்து பொருத்தி மாற்றித் தரும் வசதி எட்டும் தூரத்தில் இல்லாத குடும்பத்துக்கு இந்த முறை ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஹெல்மெட்டைத் தவிர்க்க ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் கிளாஸ் லௌரிட்சன் 1990-களின் இறுதியில் வேறு வழி கண்டார். தையலை வெட்டிய இடைவெளியில் வளைத்த எஃகுக் கம்பி ஸ்பிரிங்குகளை அழுத்திப் பொருத்தினார். அவை தோலுக்கடியில் மெல்ல விரிந்து எலும்புகளைப் பிரிக்கும். சில மாதம் கழித்துச் சிறிய இரண்டாவது அறுவையில் எடுத்துவிடலாம்.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் எலும்பு தடித்துவிடும். மூளை வேகமாக வளரும் காலத்தில் பெரும்பகுதியும் போய்விடும். திறந்துவிட்டால் மூளையே சரிசெய்துகொள்ளும் என்று விட முடியாது. சர்ஜனே கையால் வடிவம் கொடுக்க வேண்டும். மெட்டோபிக், கொரோனல் வகைகளுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் பொதுவாகச் செய்யப்படுவது நெற்றியையும் கண்குழிகளின் மேல்விளிம்பையும் முன்னுக்குக் கொண்டுவரும் அறுவை.

ஒரு காதிலிருந்து மறு காதுவரை உச்சியின் குறுக்கே கீறுகிறார்கள். நேர்கோடாகக் கீறினால் முடி நனையும்போது தழும்பு வகிடு எடுத்தாற்போலத் தெரியும் என்பதால் மேலும் கீழும் மடங்கி ஓடும் கோடு. தோலை நெற்றியோடு புருவம்வரை கீழே மடித்தால் எலும்பு வெளிப்படும். எங்கெங்கே வெட்டுவது என்று பென்சிலால் எலும்பின் மேலேயே கோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு நரம்பியல் சர்ஜன் நெற்றி எலும்பைப் பலகைபோல எடுக்கிறார். அடியில் டியூரா என்ற உறைக்குள் மூளை துடித்துக்கொண்டிருக்கும். அதைப் பதமாகப் பின்தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரு கண்குழிகளின் மேல்விளிம்பையும் சேர்த்து ஒரு பட்டையாக வெட்டுகிறார். பட்டை பக்கத்து மேஜைக்குப் போகிறது. முக்கோணத் தலைக்காரக் குழந்தையிடம் அந்தப் பட்டை நடுவில் கூராக மடிந்திருக்கும். பிளாஸ்டிக் சர்ஜன் அதை நடுவில் பிளந்து, இடையில் ஒரு துண்டு எலும்பு வைத்து அகலப்படுத்தி, உள்பக்கம் கீறல் போட்டு இடுக்கியால் வளைக்கிறார். நெற்றிப் பலகையைத் துண்டுகளாக்கித் திருப்பி வைத்து, வளைவு எங்கே நன்றாக இருக்கிறதோ அதை முன்னே கொண்டுவருகிறார். பின் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, சற்று முன்னே தள்ளிப் பொருத்துகிறார்கள். மீண்டும் கொஞ்சம் மோசமாகும் என்று தெரிந்தே, வேண்டியதற்கு ஒரு பங்கு கூடுதலாக.

முன்பு உலோகத் தகடும் திருகும் போட்டார்கள். குழந்தையின் மண்டையோடு வெளிப்பக்கம் படிந்தும் உள்பக்கம் கரைந்தும் வளர்வதால், சில ஆண்டுகளில் அந்தத் திருகுகள் உள்ளே மூளைப் பக்கம் போய்ச் சேர்ந்தன. இப்போது பாலிலாக்டிக் அமில வகைத் தகடுகள். எலும்பு பிடிக்கும்வரை தாங்கிவிட்டு, ஓராண்டு போலக் கழிந்தால் கரைந்துவிடும். துண்டுகளுக்கு இடையே விட்ட இடைவெளிகளை டியூராவே புது எலும்பு போட்டு நிரப்புகிறது. இந்தத் திறன் முதல் வயதில் அபாரமாக இருக்கும். இரண்டு வயதை நெருங்கும்போது குறைந்துபோகும். தாமதம் ஏன் நஷ்டம் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சுவது ரத்த இழப்புக்கு. கைக்குழந்தையின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மி.லி. ரத்தம். 7 கிலோ குழந்தை என்றால் மொத்தமே 560 மி.லி. ஒரு டம்ளர் ரத்தம் போனால் உடலில் உள்ள ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது போல. தலைத்தோலும் வெட்டிய எலும்பின் ஓரமும் நிற்காமல் கசியும் இடங்கள். சேஜிட்டல் தையலுக்கு நேர் அடியில் மூளையின் பெரிய சிரைநாளம் ஓடுகிறது. அது கிழிந்தால் நிமிடங்களில் நிலைமை கைமீறும். தலை இதயத்தைவிட உயரத்தில் இருந்தால் திறந்த சிரைக்குள் காற்று இழுபடவும் கூடும். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்பே பொருத்தமான ரத்தம் அறுவை அரங்கில் காத்திருக்கும். திறந்த அறுவையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதிக மாதவிடாய்ப் போக்குக்குத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலம் இங்கே ரத்த இழப்பைக் கணிசமாகக் குறைக்கிறது. நல்ல சர்ஜனைத் தேடும் பெற்றோர், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரும் குழந்தைகள் ஐ.சி.யூ.வும் அங்கே இருக்கிறதா என்று கேட்பது அதே அளவுக்கு முக்கியம். அனுபவமுள்ள மையங்களில் இறப்பு 1 சதவீதத்துக்கும் கீழேதான்.

வார்டுக்கு வந்த குழந்தையைப் பார்த்ததும் பெற்றோர் பதறிப்போவார்கள். முதல் நாள் மாலை முகம் ஓரளவு நன்றாகவே இருக்கும். மறுநாள் இமைகள் வீங்கி இரண்டு கண்களும் மூடிக்கொள்ளும். பார்வை போய்விட்டதோ என்று தாய் அழுவாள். முன்கூட்டியே சொல்லி வைக்காத மருத்துவமனைகளில் இந்தப் பதற்றம் வருவது வாடிக்கை. தலைமாட்டை உயர்த்தி வைப்பதும், குரல் கேட்கும்படி பேசிக்கொண்டே இருப்பதும், பால் கொடுப்பதும் உதவும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு இமை பிளந்து, அந்தக் கீற்று வழியே குழந்தை அம்மாவைத் தேடும். ஐந்தாறு நாளில் வீடு திரும்பிவிடலாம். காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, ஓயாத வாந்தி, சுணக்கம் இருந்தால் மட்டும் உடனே திரும்பி வர வேண்டும்.

அபெர்ட், க்ரூசோன் குழந்தைகளின் பாதை வேறு. அங்கே ஒரே அறுவையோடு முடிவதில்லை. முதலில் பெரும்பாலும் பிடரிப் பக்கம். எலும்பை வெட்டி, திருகு வைத்த கருவியைப் பொருத்தி, நாளுக்கு 1 மி.மீ. வீதம் சில வாரங்கள் முடுக்கிக்கொண்டே போனால் எலும்போடு தோலும் சேர்ந்தே நீளும். நெற்றியை முன்தள்ளுவதைவிட இதில் உள்ளே கிடைக்கும் இடம் அதிகம். மூளைநீர் தேங்கினால் குழாய் வைக்க வேண்டியிருக்கும். நடுமுகம் உள்வாங்கியதால் மூச்சடைப்பு, தூக்கத்தில் திணறல், மூடாத கண்களில் புண். அதற்காகப் பின்னர் முகத்தின் நடுப்பகுதியையே முன்னே நகர்த்தும் அறுவை. அபெர்ட் குழந்தைக்கு விரல்களைப் பிரிக்கும் அறுவைகள் தனிக் கணக்கு. தாடையும் பல்வரிசையும் பொருந்த, வளர்ச்சி நின்ற பிறகு கடைசியாக ஒன்று.

ஒரு தையல் ஒட்டிய குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரே அறுவை போதும். ஆனாலும் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து அழுத்தம் திரும்பக் கூடலாம். அதனால் ஆண்டுக்கொரு முறை தலைச்சுற்றளவு, விழித்திரை, பேச்சு, படிப்பு எல்லாம் பார்க்கப்படுகின்றன. காலையில் எழுந்ததும் தலைவலி என்றாலோ, பார்வை மங்கினாலோ, நன்றாகப் படித்த குழந்தை திடீரெனப் பின்தங்கினாலோ அடுத்த முறை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எலும்பு நன்கு பிடித்துவிட்ட குழந்தை மற்றவர்களைப் போலவே ஓடலாம், பந்து விளையாடலாம். தலையில் மெத்தென்ற இடம் எங்காவது எஞ்சியிருந்தால் சர்ஜன் அதைத் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அது பெரிதாகவே நீடித்தால், எலும்பு தடித்து இரண்டாகப் பிளக்கக்கூடிய வயது வரும்வரை காத்திருந்து, குழந்தையின் மண்டையோட்டிலிருந்தே ஒரு தகடு எடுத்து மூடிவிடுவார்கள்.